மூன்றாம் நினைவூட்டலுக்கு வந்த பதில்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களுக்குக் குரல் தழுதழுக்கும். எனக்குத் தழுதழுக்காது. அதனால்தான் போதகர் இரண்டு முறை கேட்டும் நான் எழுந்து நிற்கவில்லை. "எழுதியாவது கொடுங்க ஐயா, மாத இதழ்ல போட்டுரலாம்" என்றார். எழுதுவது எனக்குப் பழகிய வேலை. மலேசியாவில் ஓர் அரசு மருத்துவமனையின் நோயாளர் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். வசனம் சேர்த்து உருக்கமாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் மலேசியக் குடிமகன். தாத்தா முசிறிப் பக்கத்துக்காரர் என்பதால் இந்திய அரசு எனக்கு ஓ.சி.ஐ. அட்டை கொடுத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இங்கே எவ்வளவு காலம் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். என் மனைவி கிரேஸ் திருச்சியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி என்னோடு மலேசியாவுக்கு வந்தவள். ஓய்வுக்குப் பிறகு ஊருக்கே போய்விட வேண்டும் என்பது அவளுடைய ஒரே வேண்டுகோள். ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினோம். கிறிஸ்தவர்கள் போயும் போயும் ஸ்ரீரங்கத்தில் வாங்குவானேன் என்று உறவினர்கள் கேட்டார்கள். தண்ணீர் நன்றாக இருக்கும் என்றாள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. குடிவந்த ஏழாம் மாதம் அவள் இறந்துபோனாள்.

நான் அழவில்லை. நான்காம் நாளே இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். வங்கி, எரிவாயு இணைப்பு, அவள் பெயரிலிருந்த கைபேசி எண், அவளுடைய மலேசியக் குடியிருப்பு அனுமதியை ரத்து செய்யும் கடிதம், எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடித்தேன். எந்த அலுவலகத்திலும் என்னை இரண்டாம் முறை வரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை.

தலைக்கு அடியில் கையை வைத்துத் தூங்கிவிட்டால் விழிக்கும்போது கை மரத்திருக்கும். கிள்ளினால் யாரோ கிள்ளுவது தெரியும், வலிக்காது. எனக்கு முழு உடம்பும் அப்படி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு வந்தேன். எல்லோரும் எழுந்தபோது எழுந்தேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன். உங்களில் சிலர் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயா எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்றீர்கள். அது தைரியம் இல்லை.

மகன் ஈப்போவில் இருக்கிறான். பின்னாலிருக்கும் அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று வாரம் ஒருமுறை சொன்னான். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டப்படாத உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றும், மடித்துக் கட்டிய கிறிஸ்துமஸ் மரமும் அங்கே இருக்கின்றன. மூன்றாவது பொருளாகப் போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை. இங்கேயே இருக்க வேண்டுமென்றால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். சம்பளம் வேண்டாம். நான் போகாவிட்டால் அங்கே யாருக்காவது குறையாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வேலையைத் தேடினேன்.

வெளிநாட்டுக்காரன் ஒருவன் இலவசமாக உழைக்க வருவதைப் போல் சந்தேகத்துக்குரிய விஷயம் இந்த நாட்டில் வேறில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. முதலில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். மேலாளர் எழுந்து வணங்கி, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "தனி ரூமா சார், ஷேரிங்கா?" என்று கேட்டார். சேவை செய்ய வந்திருக்கிறேன் என்றேன். "முதல்ல எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. பரவாயில்ல, சுத்திப் பாருங்க" என்றார்.

அடுத்து ஒரு பள்ளிக்கூடம். சிறுவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். என் நாட்டுக் காவல்துறையிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். கேட்பது முறைதான். பத்து விரல் ரேகையும் வைத்து, தபாலில் அனுப்பி, நான்கு மாதம் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் தலைமையாசிரியை மாறியிருந்தார். அலுவலக எழுத்தர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓ.சி.ஐ.யா? ஓசியில வேலை பாக்குறவங்களுக்கெல்லாம் இப்ப கார்டே கொடுக்குறாங்களா?" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டார். அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். அந்த அட்டைக்கு என்னென்ன உரிமை உண்டு என்று விதி எண்ணோடு விளக்கினேன். விதி தெரிந்த ஆளை எந்த அலுவலகமும் விரும்புவதில்லை. நானே விரும்பியதில்லை.

நம்முடைய கிறிஸ்தவ விடுதி ஒன்றிலும் கேட்டேன். அவர்கள் இன்னும் பயந்தார்கள். வெளிநாட்டவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தால் நாளைக்கு யாராவது வந்து கேள்வி கேட்பார்கள், ஜெபத்தில் மட்டும் தாங்குங்கள் என்றார்கள்.

ஒரு சேவைச் சங்கம்தான் என்னை வரவேற்றது. நோட்டுப் புத்தகம் கொடுக்கும் விழாவில் என்னை மேடையில் ஏற்றி, 'மலேசியாவிலிருந்து வருகை தந்திருக்கும்' என்று அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். அடுத்த மாதம் மரம் நடும் விழா, அதற்கடுத்து கண் சிகிச்சை முகாம். ஒவ்வொன்றிலும் புகைப்படம் எடுத்து முடிந்ததும், வேலையை வேறு யாரோ செய்தார்கள். நாற்காலிகளையாவது எடுத்து அடுக்குகிறேன் என்றேன். விருந்தினர் அப்படிச் செய்யக் கூடாது என்று கையிலிருந்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு விழா முடிந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. மடியில் ஆறாவது பொன்னாடை. ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து ஜெபித்தேன். கண்ணை மூடவில்லை. சொன்னது இவ்வளவுதான்: ஆண்டவரே, எனக்கு ஒரு வேலை வேண்டும். மரியாதை வேண்டாம். இந்த மாதக் கடைசிக்குள் இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போகிறேன். அதற்குப் பிறகு உம்மிடம் எதையும் கேட்க மாட்டேன்.

ஆண்டவருக்குக் கெடு வைப்பது தகாது என்று எனக்குத் தெரியும். கெடு வைப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது மனதில் சமாதானம் உண்டாயிற்று என்று எழுத ஆசை. உண்டாகவில்லை. மறுநாளே வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. வீடு விற்பதற்கான காகிதங்களை நகல் எடுக்க, கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள் என்பதை மறந்துவிட்டேன். இந்த ஊரின் நடைமுறைகளில் நான் மறந்தது அது ஒன்றுதான். கடை முழுக்க மனு எழுதுகிறவர்களும் எழுதச் சொல்லுகிறவர்களும் நின்றார்கள். எனக்கு முன்னால் கறுப்புப் புர்கா அணிந்த ஒரு பெண்ணும், தோளில் துண்டு போட்ட ஒரு ஆளும் நின்றார்கள். இயந்திரத்திலிருந்து அவர்களுடைய நகல் வெளியே வந்து தட்டில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்தேன்.

மலாய் மொழிக் கடிதம். தலைப்பில் எங்கள் சுகாதார அமைச்சின் முத்திரை. வலது மூலையில் பதிவெண். மூன்றாம் பத்தி தடித்த எழுத்தில். படிக்காமலே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேச முடியாத நிலையில் உள்ள நோயாளிக்கு உறவினரைத் தேடி அனுப்பும் கடிதம். மூன்றாவதும் கடைசியுமான நினைவூட்டல். நான் வேலை பார்த்த மருத்துவமனை இல்லை, வேறு மாநிலத்தது. படிவம் நாடு முழுவதும் ஒன்றுதான். அதே படிவத்தை முப்பத்து நான்கு வருடம் நான் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

பேசாமல் என் நகல்களை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அந்த இடத்தில் ஆண்டவருடைய தூண்டுதல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை; கடிதத்தை யார் பெற்றது என்று கேட்பது வெறும் தொழில் பழக்கம். கேட்டேன்.

துண்டு போட்டவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், நீங்க ஏஜென்டா?"

இல்லை, இந்த மாதிரிக் கடிதம் அனுப்புகிற இடத்தில் வேலை பார்த்தவன் என்றேன். அந்தப் பெண் நகலை என் கையிலிருந்து வாங்காமல் அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் பெயர் ஜரீனா. உடன் வந்தவர் அவளுடைய தம்பி காதர், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வீடும் மார்க்கெட்டுக்குப் பின்புறம்தான். ஜரீனாவின் கணவர் சாகுல் ஆறு வருடமாக மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. கடை முதலாளியின் போனும் எடுக்கப்படவில்லை. பிறகு இந்தக் கடிதம் வந்தது. முதல் இரண்டு நினைவூட்டல்கள் வந்து சேரவேயில்லை. இது மட்டும் எங்கெங்கோ சுற்றி ஐந்து வாரம் கழித்து வந்தது.

ஆங்கில எழுத்தில் இருந்ததால் எல்லோரும் அதை ஆங்கிலம் என்று நினைத்திருக்கிறார்கள். காதர் ஒரு டியூஷன் வாத்தியாரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நல்ல உச்சரிப்போடு உரக்க வாசித்துவிட்டு, இது கோர்ட்டு இங்கிலீஷ், வக்கீலிடம் போங்கள் என்றாராம். கடைசியில் தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் கைபேசியில் போட்டுப் பார்த்து, மருத்துவமனை, பக்கவாதம், பதினான்கு நாள் என்ற மூன்று விஷயங்களைச் சொன்னாள். பதினான்கு நாள் எப்போதோ கடந்திருந்தது. மலேசியாவில் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அந்த மருத்துவமனைக்கே போய்க் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, சாகுல் இறந்துவிட்டார், அங்கேயே அடக்கமும் ஆகியிருக்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஜரீனாவை இத்தா இருக்கச் சொன்னார்கள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டுக்குள் இருப்பது அவர்கள் முறை. ஜரீனா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று திங்கட்கிழமைகளாக மனுவோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். தெருவில் அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டும் இருந்தாள்.

"மவுத்தாயிட்டாருன்னு யாராவது கண்ணால பாத்துச் சொல்லட்டும் சார். இன்னைக்கே உக்காந்துர்றேன்" என்றாள். "யாரும் பாக்கலையே. நான் உள்ள போய் உக்காந்துட்டா, அப்புறம் அவரைத் தேட யாரு இருக்கா?"

காதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நம்பிக்கை இல்லை. அக்காவைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதற்காக வந்திருந்தார்.

பதினான்கு நாள் என்பது உயிருக்கு வைத்த கெடு இல்லை, கோப்புக்கு வைத்த கெடு என்று அவர்களுக்குச் சொன்னேன். பதில் வராவிட்டால் மருத்துவமனை கோப்பை மூடும். பேச முடியாத, போக இடமில்லாத நோயாளியை அரசு நல இல்லம் ஒன்றுக்கு மாற்றும். பிறகு யார் போய்க் கேட்டாலும் இங்கே இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அவர் அங்கே இல்லை. எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மாற்றுப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். வலது மூலையிலிருக்கும் இந்த எண்தான் அவரோடு போகும்.

இதையெல்லாம் அலுவலகக் குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் அப்போது இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம் என்று சொன்னேன். ஜரீனா சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து, பசியாறியாச்சா என்று கேட்டேன். மலேசியாவில் எல்லோரும் அப்படித்தான் கேட்போம். இங்கே வந்ததிலிருந்து அதற்காக என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள். காதர் போய் மூன்று டீ வாங்கிவந்தார். அன்றைக்கு அவர்கள் மனு கொடுக்கவில்லை. வீட்டு விற்பனைக் காகிதங்களை நானும் கொடுக்கவில்லை.

மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே அலுவலகம் திறக்கும் நேரத்தில் பேச, மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே ஜரீனாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். மார்க்கெட்டில் லாரிகளிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மருத்துவமனையில் மூன்று பேரிடம் மாற்றி மாற்றி விட்டார்கள். நான்காவது ஆளிடம், நோயாளர் பதிவேடு வேண்டாம், மாற்றுப் பதிவேட்டைப் பாருங்கள் என்று எண்ணைச் சொன்னேன். நீங்கள் துறையைச் சேர்ந்தவரா என்று கேட்டார். இருந்தேன் என்றேன். நல இல்லத்தின் பெயரைக் கொடுத்தார்.

இல்லத்தில் ஒரு பெண் எழுத்தர் எடுத்தார். எண்ணைத் தேடிப் படித்தார். இந்தியர், ஆண், வயது சுமார் ஐம்பது, வலப்பக்கம் செயலில்லை, பேச்சில்லை. பெயர் என்ற இடத்தில், தெரியவில்லை. மாற்றும்போது கோப்பின் மருத்துவப் பக்கம் மட்டும் போயிருக்கிறது, சேர்த்தவர்கள் கொடுத்த பெயரும் முகவரியும் இருந்த பக்கம் போகவில்லை. எங்கள் காலத்திலும் அப்படி நடப்பதுண்டு. ஆகவே அந்த எண்ணில் இருப்பவர் சாகுல்தானா என்பதற்குக் காகிதத்தில் ஆதாரமில்லை. கைபேசியில் முகத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். விதிப்படி முடியாது. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, காட்டுகிறேன் என்றார். அவர் பெயரை நான் எழுதவில்லை. தினமும் ஜெபத்தில் சொல்கிறேன்.

படம் ஆடி ஆடி வந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு மனிதர். தலை மொட்டை, தாடி இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது. காதர் குனிந்து பார்த்தார். "இது மச்சான் இல்லக்கா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "மச்சான் எவ்வளவு தாட்டியா இருப்பாரு."

ஜரீனா கைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள்.

"என்னங்க, நான் ஜரீனா பேசுறேன்."

அந்த மனிதர் கைபேசியைப் பார்க்கவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறையின் மூலையில் தேடினார்.

"இங்கதாங்க. கேக்குதா? கேட்டா கையைத் தூக்குங்க."

அவர் இடது கையைத் தூக்கினார். அதை அசைக்கவில்லை. முகத்தின் மேல் வைத்து, விரல்களை விரித்து, முகத்தை மூடிக்கொண்டார்.

"அவருதான்" என்றாள் ஜரீனா. "வெக்கம் வந்தா அப்படித்தான் மூடிக்குவாரு."

நான் எழுந்து வெளியே வந்தேன். தெருமுனையில் போய் நின்றேன். மூட்டை சுமந்து வந்த ஒருவர், "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றார். ஓரமாக நின்றேன்.

நான் எத்தனை கோப்புகளை மூடினேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் 'பதில் இல்லை' என்று முத்திரை குத்தினேன். ஊரில் இவனுக்கு யாருமில்லை, இருந்தாலும் இவன் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தேன். திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர் என்று எத்தனை முகவரிகளை என் கையால் எழுதியிருக்கிறேன். கடிதம் தேசிய மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு தமிழில் இரண்டு வரி எழுதிய துண்டுச்சீட்டை இணைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எனக்குத் தமிழ் தெரியும். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு துண்டுச்சீட்டுகூட நான் இணைக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன், கிரேஸ் சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

அன்றைக்குத்தான் மனமுடைந்து அழுதேன் என்று சொன்னால் சாட்சி முழுமையாக இருக்கும். அழவில்லை. ஆனால் வயிற்றில் வலித்தது. ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று வலித்தது. அதற்கு நான் நன்றி சொன்னேன். அந்தத் தெருமுனையில், வெங்காயச் சருகு காலடியில் பறக்க, ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்ட மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

சாகுலை ஊருக்குக் கொண்டுவர இரண்டரை மாதமாயிற்று. அவருடைய பாஸ்போர்ட் சாப்பாட்டுக் கடை முதலாளியிடம் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக இந்தியத் தூதரகத்தில் பயணச் சான்று வாங்க வேண்டும். தங்கும் அனுமதி காலாவதியானதால் நாட்டைவிட்டு வெளியேறவே தனி அனுமதி வாங்க வேண்டும். விமானத்தில் வரலாம் என்று மருத்துவர் எழுத வேண்டும். கூட ஒரு துணையாள் வர வேண்டும். ஒவ்வொரு காகிதமும் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும். எதை முதலில் தொட வேண்டும் என்று தெரியாதவன் வருடக்கணக்கில் சுற்றுவான். எனக்குத் தெரியும். நான் கற்றது எல்லாமே அதுதான். தினமும் காலையில் மார்க்கெட்டுக்குப் போய், காதர் மூட்டை இறக்கும் கிட்டங்கியின் மாடியில் உட்கார்ந்து பேசினேன், எழுதினேன். வீட்டில் ஜரீனாவைப் பார்க்க வந்த பெரியவர்களில் ஒருவர் என்னிடமே வந்து, நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்றார். நானும் அப்படித்தான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது.

துணையாளாக என் மகன் வந்தான். ஈப்போவிலிருந்து அந்த இல்லத்துக்கு இரண்டு மணி நேரம் வண்டியோட்டிப் போய், விடுப்புப் போட்டு, சாகுலோடு திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினான். சக்கர நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு வந்தான். நானும் காதரும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஜரீனா எங்களுக்கு முன்னால் நின்றாள். அழப்போகிறாள் என்று காதர் துண்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். அவள் கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இது யாரு சட்டை?" என்று கேட்டாள்.

யாரோ இல்லத்தில் போட்டுவிட்ட சட்டை. பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. அவள் குனிந்து எல்லாப் பொத்தான்களையும் கழற்றி ஒழுங்காகப் போட்டாள். என் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வரும் வழியில் ஈப்போ அறையைப் பற்றி அவன் பேசவில்லை.

இது யாருடைய ஜெபத்துக்குப் பதில் என்று ஜரீனாவும் நானும் ஒருநாள் பேசினோம். "நான் அஞ்சு வேளையும் கேட்டேன். நீங்க பஸ்ஸுல ஒரு வேளை கேட்டீங்க" என்றாள். "பரவாயில்ல சார், பங்கு போட்டுக்குவோம்." எனக்குக் கிடைத்த பங்கு எனக்குப் போதும். இதை நம் இதழில் எழுதலாமா என்று சிலர் யோசிக்கலாம். நடந்தது இப்படித்தான்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலையில் அதே மாடியில் உட்காருகிறேன். காதர் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். பெயர்ப் பலகை இல்லை, சங்கம் இல்லை, பதிவு இல்லை. மலேசியாவிலிருந்து வந்த கடிதத்தோடு ஆட்கள் வருகிறார்கள். சிலருக்கு ஆள் கிடைக்கிறார். சிலருக்குக் கல்லறை எண் மட்டும் கிடைக்கிறது. அப்படி அறிந்துகொண்ட ஒரு பெண் அன்று மாலையே இத்தாவுக்கு உள்ளே போனாள். சந்தேகமில்லாமல் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வராத வெள்ளிக்கிழமையில் எனக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்திருந்தபோது காதர் போன் செய்து திட்டினார். நான் கேட்டது அதுதான்.

மரத்துப்போனது முழுக்கச் சரியாகவில்லை. சரியாக வேண்டும் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். எழுந்திருக்கிறேன், போகிறேன்.

சகோதரரே, சகோதரிகளே, இந்த வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். திருவெள்ளறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வயல் வேலை செய்கிறவள். பெயர் செல்வி. தந்தை ராமையா மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர். பத்து வருடத்துக்கு முன் வந்த கடிதம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். மூன்றாம் நினைவூட்டல். நான் வேலை பார்த்த மருத்துவமனை. கீழே என் கையெழுத்து.

அவளிடம் மறைக்கவில்லை. இது நான் போட்ட கையெழுத்து என்றேன். அவள் கோபப்படவில்லை. "அப்படின்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே ஐயா, எங்கப்பா எங்கன்னு" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் நீண்ட காலம். அந்த வயதில், அந்த நிலையில் போனவர்கள் இவ்வளவு காலம் இருப்பது அரிது என்று என் அனுபவம் சொல்கிறது. பதிவெண் தெளிவாக இருக்கிறது. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பேசப்போகிறேன். பாலத்தில் தனியாகக் கேட்டதுபோல் இதைத் தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. இதற்குக் கெடு வைக்கவும் மாட்டேன். பதில் வராது என்று நீங்கள் முடித்து வைத்த காரியம் உங்களிடமும் ஏதாவது இருக்கும். அதை அன்றைக்கு எடுத்து ஜெபத்தில் முன்னால் வையுங்கள். அதோடு சேர்த்து அவர் பெயரையும் சொல்லுங்கள். ராமையா, திருவெள்ளறை.